லப்டொப்புக்கு நாப்பது குதிரை

மனிதருக்கு வருகிற கரைச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான், எஞ்சினின் வலு காணாது, போதாது என்று அடித்துச் சொன்ன ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் நாப்பதுதான். மழை பெய்யவில்லையா, மேகத்துக்கு எஞ்சின் காணாது. பிள்ளை சோதனையில் தவறிவிட்டதா, பிள்ளைக்கு எஞ்சின் காணாது. எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவில் ஒரு கல்யாணம் மூன்று மாதத்தில் முறிந்தபோது ஊர் முழுக்கச் சாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தது. இவர் வாசலில் நின்றபடி, "ரண்டும் சின்ன எஞ்சின். ஏத்தத்திலை நிண்டிட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. திருகோணமலை உட்துறைமுகப் பக்கம், வள்ளங்களுக்குப் பின்னால் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துகிற வேலை. அந்த எஞ்சின்களுக்குக் குதிரைவலுக் கணக்கு உண்டு. எட்டு, பதினைந்து, இருபத்தைந்து, நாற்பது என்று போகும். யாராவது வந்து "எட்டு போதுமோ அண்ணை?" என்று கேட்டாலும், "பதினைஞ்சு போதுமோ?" என்று கேட்டாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: "நாப்பதைப் போடு." அதனால் அவர் நாப்பது. அவருடைய மனைவி உயிரோடு இருந்த காலத்தில் அவகூட எங்கள் படலையில் வந்து நின்று, "நாப்பது இஞ்சாலை வந்ததோ?" என்றுதான் கேட்பா.

ஆளைப் பார்த்தால் எட்டுக் குதிரை கூட இருக்காது. காற்றடிக்கிற நாட்களில் சைக்கிளில் இருந்து இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

ஒரு முறை இலங்கைத்துறையில் இருந்து ஒருவர் சின்ன வள்ளம் ஒன்றைக் கொண்டு வந்தார். பதினைந்து பூட்ட வேண்டிய வள்ளம். நாப்பது அதற்கு நாற்பதைப் பூட்டிவிட்டார். கயிற்றை இழுத்ததுதான் தாமதம், வள்ளத்தின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் கடலுக்கு அடியைப் பார்த்தது, நடுவில் இருந்தவர் பிள்ளையாரைப் பார்த்தார். துறைமுகத்தை இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் அந்த மனிதருக்கு எஞ்சினை நிற்பாட்டுகிற இடம் கைக்கு அகப்பட்டது.

கரைக்கு வந்து, நடுங்கி நடுங்கிச் சொன்னார்: "அண்ணை, வலை போட நேரமில்லை. மீன் கிடக்கிற இடத்தை வள்ளம் தாண்டிப் போகுது."

நாப்பது தாடையைத் தடவினார். "அப்ப வலை சின்னன்."

எங்கள் ஒழுங்கைக் கோயிலில் கரண்டில் அடிக்கிற மேளம் ஒன்று இருக்கிறது. மேளம், மணி, சேமக்கலம் எல்லாம் ஒரே பெட்டியில் பூட்டியது. அது மெதுவாக அடிக்கிறது என்று ஒரு நாள் நாப்பதுக்குப் பொறுக்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் உள்ளே இருந்த மோட்டரை மாற்றிவிட்டார். அன்றைய வெள்ளிக்கிழமைப் பூசையை நான் என் கண்ணால் பார்த்தேன். மேளம் ஐயரைத் துரத்த, ஐயர் தீபத்தைத் துரத்த, தீபம் போன வேகத்தில் சாமியை நாங்கள் துண்டு துண்டாகத்தான் கும்பிட்டோம். முக்கால் மணித்தியாலப் பூசை பத்து நிமிசத்தில் முடிந்தது. ஐயர் தூணில் சாய்ந்துகொண்டு, "நாப்பது, இது பூசையோ ஓட்டப் போட்டியோ?" என்று மூச்சு வாங்கினார். ஆனால் ஒன்று, அடுத்த வெள்ளி கோயிலில் நிற்க இடம் இல்லை. வேலைக்குப் போகிற சனம் எல்லாம் அந்த வேகத்தைக் கேள்விப்பட்டு வந்துவிட்டது.

என் குசினிக்கும் ஒரு கதை இருக்கிறது. உழுந்து அரைக்கிற கிரைண்டர் கல்லு இழுபடுகிறது என்று, எங்கிருந்தோ ஒரு பெரிய மோட்டரைக் கொண்டு வந்து பூட்டிவிட்டு, "போடுங்கோ அக்கா" என்றார். போட்டேன். உழுந்து அரைபட்டதை நான் காணவில்லை. மேலே பார்த்தேன், முகட்டு ஓட்டில் தோசை ஊற்றியிருந்தது. நாப்பது அண்ணாந்து பார்த்துவிட்டு, "வடிவா வட்டமா வந்திருக்கு" என்றார்.

இவ்வளவையும் சொன்னால் இந்த மனிதரிடம் ஏன் சனம் போனது என்று நீங்கள் கேட்பீர்கள். அவருடைய காதுக்காகத்தான் போனது. கரையில் நின்றபடி, தூரத்தில் வருகிற வள்ளத்தின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்வார். திருத்தினால் திருத்தினதுதான். திருத்தி முடிந்த பிறகு நாற்பது போடச் சொல்லுவார், அதுதான் தொல்லை.

அந்தக் காது ஒரு நாள் எங்கள் வீட்டு லப்டொப்பைக் கேட்டுவிட்டது.

அந்த லப்டொப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு தங்கச்சி. நாலு வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்குக் காது போய்விட்டது. இருந்த பேச்சும் மெல்லப் போய்விட்டது. பள்ளிக்கூடமும் அவளுக்கு வாய்க்கவில்லை. அம்மாவும் நானும் அவளும் கையாலே கதைத்துக் கதைத்து எங்களுக்கென்று ஒரு பாசை உண்டாக்கி வைத்திருந்தோம். மூக்கைத் தொட்டால் அம்மா, காதைப் பிடித்தால் பள்ளிக்கூடத்து வாத்தியார், உள்ளங்கையை நக்கினால் உப்புக் கூடிப்போச்சு. வேறு ஒருவருக்கும் அது விளங்காது. அம்மா போன பிறகு அந்தப் பாசை தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான். அதில் ஒருத்தி இப்போது சுவிஸில் மகனோடு இருக்கிறாள். மகனுக்குக்கூட அந்தப் பாசையில் வா, போ, சாப்பிடு அளவுதான் தெரியும்.

அவளுடைய மகன்தான் ஊருக்கு வந்தபோது தன்னுடைய பழைய லப்டொப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். டெலிபோனில் கை எறும்பு மாதிரித் தெரியும், என் கண்ணுக்கு ஏலாது. லப்டொப்பில் கை கை மாதிரியே தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரம் மூன்று மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினால் விளக்கு வைக்கிற நேரம் வரை கை ஓயாது.

நாலைந்து வருசத்தில் அது கிழடு தட்டிவிட்டது. சூடேறும், இரையும், படம் விட்டுவிட்டு வரும். சாதாரண மனிதருக்கு வாய்ச் சத்தமாவது வந்துகொண்டிருக்கும். எங்களுக்குக் கைதானே வாய்? ஒரு ஞாயிறு தங்கச்சி தன் வயிற்றைத் தடவினாள், படம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு வரவேயில்லை. பாவி, வயிற்றில் என்னவோ வருத்தம் என்று, மகனிடம் கேட்கவும் கூச்சப்பட்டு, நான் ஒரு கிழமை சோறு இறங்காமல் இருந்தேன். கோயிலில் நேர்த்தியும் வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறுதான் விசயம் தெரிந்தது. வயிற்றைத் தடவிவிட்டு உயரத்தைக் காட்டினால் 'என்ர மகன்' என்று அர்த்தம். மகன் புதுக் கார் எடுத்ததைச் சொல்ல வந்திருக்கிறாள். வயிறு வந்தது, உயரம் வரவில்லை, காரும் வரவில்லை.

அப்படி அது இரைந்துகொண்டிருந்த ஒரு நாள்தான் நாப்பது ஒழுங்கையால் போனார். சைக்கிள் நின்றது. காதைச் சாய்த்தார்.

"அக்கா, உள்ளுக்கை என்ன கிடக்கு? எஞ்சின் ஒண்டு மூச்சுத் திணறுது."

நான் கதவு நிலையோடு நின்று, "லப்டொப் தம்பி" என்றேன். எனக்கு ஆட்களோடு அதிகம் கதை வராது. அவரோடு இருபது வருசப் பழக்கம் என்றாலும் ஓம், இல்லை இரண்டோடு முடித்துவிடுவேன்.

உள்ளே வந்தார். லப்டொப்புக்குச் சுடுகிறதே என்று இரக்கப்பட்டு, அதற்குக் கீழே ஒரு மெத்தைத் துணியை நாலாக மடித்து வைத்திருந்தேன். அதன் மேல் அது பிறந்த பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது. நாப்பது அதைச் சுற்றி வந்து பார்த்தார், முதுகில் கை வைத்துப் பார்த்தார்.

"எஞ்சின் காணாது" என்றார்.

எனக்கு முகட்டுத் தோசை கண்ணுக்கு முன்னால் வந்தது.

அடுத்த நாள் லப்டொப்பைத் துவாயால் சுற்றி, என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக் கொம்பியூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் கிண்ணியா ஆள், பொறுமையான மனிதர். அவருக்கு அன்றைக்கு அந்தப் பொறுமை முழுவதும் தேவைப்பட்டது.

"தம்பி, இதுக்கு எத்தினை குதிரை?"

"குதிரை இல்லை அண்ணன், புரொசெசர். இது ரண்டு கோர்."

"ரண்டோ!" நாப்பது என்னைத் திரும்பிப் பார்த்தார், பிள்ளைக்குச் சோறு போடாமல் வளர்த்தவளைப் பார்க்கிற மாதிரி. "பெரிசு எத்தினை மட்டும் இருக்கு?"

"நாலு, எட்டு, பதினாறு எண்டு இருக்கு. ஆனா..."

"நாப்பது?"

"மடியில வைக்கிறதுக்கு அவ்வளவு தேவையில்லை அண்ணன்."

"சரி, இருக்கிறதுக்குள்ளை பெரிசைப் பூட்டும்."

"பூட்ட ஏலா. சில லப்டொப்பில கழட்டி மாத்தலாம். இதில போர்டோட சேர்த்து ஒட்டி வாறது. சூடு காட்டிக் கழட்டப் போனா முழுக்கச் செத்துப் போகும். வயசு போன சாமான், விட்டுட்டு வேற ஒண்டு எடுங்க."

"ஒட்டினதுதானே? ஒட்டினதெல்லாம் கழலும். எங்கடை ஒழுங்கையிலை கல்யாணமே கழண்டது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். வேறு ஒன்று எடுக்க என்னால் ஏலாது. தங்கச்சியின் மகனிடம் வாய் விட்டுக் கேட்கவும் எனக்குக் கூச்சம். அந்தப் பிள்ளை ஏற்கெனவே தாயைப் பார்க்கிறான்.

கடைசியில் கடைக்காரர், திரை உடைந்த பழைய லப்டொப் ஒன்றை உள்ளே இருந்து தூக்கிக்கொண்டு வந்தார். "இதுக்குள்ள நாலு கோர் கிடக்கு. சும்மாதான் கிடக்கு, கொண்டு போங்க. ஆனா நான் சொல்லிப்போட்டன், செத்தா என்னட்டை வராதீங்க." பிறகு ஆசையை அடக்க முடியாமல், "எப்ப செய்யப் போறீங்க? நானும் பார்க்க வாறன்" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க வள்ளங்கள் கட்டுகிற ஜெட்டியில் இதுதான் கதை. நாப்பது லப்டொப்புக்கு எஞ்சின் மாற்றப் போகிறாராம். எங்கள் பக்கத்து வீட்டு றீற்றா மதிலுக்கு மேலால் எட்டி, "அக்கா, லப்டொப் பறக்கத் தொடங்கினா யன்னலைச் சாத்தி வையுங்கோ, தங்கச்சியிட்டையே போய்ச் சேர்ந்திடும்" என்றாள். அவளுக்குப் பகிடி. எனக்கு நித்திரை இல்லை. கழற்றினால் செத்துப் போகும் என்று கடைக்காரர் சொன்னதே காதில் நின்றது. செத்தால் என் தங்கச்சியோடு நான் எதில் கதைப்பேன்? அவளுக்கு எழுதத் தெரியாது. கேட்கவும் ஏலாது. சரி, விட்டுவிடலாம் என்றாலும், இருக்கிறபடி இருந்தால் பாதி வயிறுதானே வருகிறது?

இரண்டு தரம் நாப்பதிடம் "வேண்டாம் தம்பி" என்று சொல்லப் போனேன். முதல் தரம் அவர், "அக்கா, தங்கச்சி கை அசைச்சால் காத்தே வரும், பாருங்கோ" என்றார். இரண்டாம் தரம் வள்ளம் ஒட்ட அனல் காற்று அடிக்கிற சூட்டு ஊதியைத் துடைத்துக்கொண்டிருந்தார், புது மாப்பிள்ளை சப்பாத்தைத் துடைக்கிற மாதிரி. வாய் திறந்தேன். "தேத்தண்ணி வேணுமோ?" என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. கடைக்காரர் வந்துவிட்டார். றீற்றா தன் கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெட்டியில் இருந்து ஏழெட்டுப் பேர் சாரத்தை மடித்துக் கட்டியபடி வாசல் நிறைய நின்றார்கள். நாப்பது பாய் விரித்து ஆயுதங்களை அடுக்கினார். அவருக்குப் புது எஞ்சின் என்றால் புது வள்ளம் மாதிரி. சாம்பிராணி, பூ, சந்தனம் எல்லாம் வேண்டும். லப்டொப்புக்கு மல்லிகை மாலை போட்டார். பிறகு மடியில் இருந்து நாலு எலுமிச்சங்காயை எடுத்தார்.

"வாகனத்துக்குத்தானே அண்ணை சில்லுக்குக் கீழை வைக்கிறது?" என்று ஒருவர் கேட்டார்.

"சில்லு இல்லாட்டி என்ன, நாலு மூலை இருக்கெல்லே?"

லப்டொப்பைத் தூக்கி, பாயில் என் மெத்தைத் துணியின் மேலேயே, மூலைக்கு ஒன்றாக நாலு எலுமிச்சங்காயில் இருத்தினார். தேர் மாதிரி எழும்பி நின்றது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது சூட்டு ஊதியை எடுப்பார் என்று பார்த்தால், "அக்கா, வாங்கோ. கடைசி ஓட்டம்" என்றார்.

இது அவருடைய வழக்கம். பழைய எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தரம் ஓடவிட வேண்டும், அதுவும் சொந்தக்காரர்தான் ஓட்ட வேண்டும். இல்லாமல் அவர் திருப்புளியைத் தொடமாட்டார். "சாகப் போற கிழவனுக்கும் ஒரு வாய் பால் பருக்கிறமெல்லே?" என்பார்.

"இவ்வளவு பேருக்கு முன்னாலையோ?" என்றேன்.

"எஞ்சினுக்கு மரியாதை அக்கா."

தங்கச்சிக்கு அழைப்புப் போட்டேன். வந்தாள். எனக்குப் பின்னால் இவ்வளவு சாரங்களைக் கண்டதும் அவளுடைய கண் இரண்டும் பிதுங்கின. நெற்றியில் விரலால் கோடு போட்டு, இரண்டு கையையும் கட்டிக் காட்டினாள். செத்த வீடோ என்று கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லையடி என்று சொல்லத் தொடங்கியவள்தான், கூச்சத்தை மறந்துவிட்டேன். நாப்பதைப் பற்றிச் சொன்னேன். வள்ளம் மூக்கைத் தூக்கியதைச் சொன்னேன். ஐயர் ஓடியதை எழும்பி நின்று ஓடிக் காட்டினேன். முகட்டுத் தோசையைக் காட்டினேன். தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்து சரிந்தாள். பின்னால் நின்ற சனத்துக்கு ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், தோசையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "நாப்பது அண்ணை, உங்களைத்தான் கிழிக்கிறா!" என்று றீற்றா கத்தினாள்.

நாப்பது சிரிக்கவில்லை. எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு காலமாக நான் நாலு சொல்லுக்கு மேல் கதைத்து அந்த மனிதர் கண்டதில்லை.

"அக்கா" என்றார் மெதுவாக. "இது நிண்டு போனா நீங்கள் ரண்டு பேரும் எதிலை கதைப்பீங்கள்?"

"கதைக்க ஏலாது தம்பி."

"வேறை ஆரும் இந்தப் பாசை கதைக்கிறவை இல்லையோ?"

"அம்மா கதைச்சவ. இப்ப நாங்கள்தான்."

அவர் கையில் இருந்த திருப்புளியைச் சாரத்தில் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து றீற்றா, திரை சரிந்து இருக்கிறது, தனக்கு மறைக்கிறது என்று, கேட்காமல் எலுமிச்சங்காய் நாலையும் உருவிவிட்டாள். லப்டொப் பழையபடி துணியின் மேல் படுத்தது. கொஞ்ச நேரத்தில் இரைச்சல் தொடங்கியது. தங்கச்சியின் கை ஆகாயத்தில் நின்றுவிட்டது. என் கையும் அதைப் பார்த்துக்கொண்டு பாதியில் நின்றது.

நாப்பதின் காது எழும்பியது.

"இவ்வளவு நேரமும் இரையேல்லை!" என்றார். "ஆர் எலுமிச்சங்காயை எடுத்தது?"

"நான்தான். ஏன், சாமிக் குத்தமோ?" என்றாள் றீற்றா.

திரும்ப வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தோம். இரைச்சல் அடங்கியது, தங்கச்சியின் கை ஓடியது. எடுத்தார். நின்றது. வைத்தார். ஓடியது. வாசலில் நின்ற ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நாப்பது நிலத்தில் குப்புறப் படுத்து, லப்டொப்பின் அடியிலும் பக்கத்திலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"தண்ணி வரேல்லை" என்றார்.

கடலில் ஓடுகிற எஞ்சின் உள்ளே தண்ணீரை இழுத்துத்தான் சூடு ஆறும். பக்கத்துத் துவாரத்தால் அந்தத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணோ பாசியோ அடைத்துத் தண்ணீர் வராவிட்டால், எத்தனை குதிரை பூட்டினாலும் சூடேறி இழுக்காது. லப்டொப்புக்குத் தண்ணீர் இல்லை, காற்று. அந்தக் காற்று போகிற வழியில் நான் இரக்கப்பட்டு மெத்தை போட்டு வைத்திருந்தேன்.

வாசலில் பொறுமை முடிந்துவிட்டது. "அண்ணை, கதை காணும், நாப்பதைப் போடுங்கோ!" என்று ஒரு குரல் வந்தது. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "நாப்பது! நாப்பது!" றீற்றா கதிரையில் தாளம் போட்டாள். ஒரு கிழமையாக அவர் ஜெட்டியில் பெருமை பேசியதற்கு இந்தச் சனம் வந்து நிற்கிறது. சூட்டு ஊதி ஒரு பக்கம், நாலு கோர் ஒரு பக்கம்.

நாப்பது எழும்பினார். என்னைப் பார்த்தார். திரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்த தங்கச்சியைப் பார்த்தார்.

"மாத்தத் தேவையில்லை" என்றார். "எஞ்சின் காணும்."

முப்பது வருசத்தில் அந்த வாயால் அந்தச் சொல் வந்ததை யாரும் கேட்டதில்லை. "என்ன அண்ணை? திரும்பச் சொல்லுங்கோ" என்று ஒருவர் காதைக் குடைந்தார்.

"காணும் எண்டு சொன்னனான். உந்தச் சின்ன எஞ்சின் இவ்வளவு காலமும் மூச்சு விடாமல் ரண்டு பேருக்கும் கதை சுமந்திருக்கு. அதைப் போய்க் கழட்டுறதே?"

"நாப்பது அண்ணைக்கு எஞ்சின் காணாமல் போட்டுது!" என்றாள் றீற்றா. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் அதை எல்லாம் மழையில் நிற்கிற மாடு மாதிரி வாங்கிக்கொண்டு, பாயில் இருந்து லப்டொப்பின் அடித்தட்டைத் திறந்தார். திருகாணிகளைக் கழற்றக் கடைக்காரர் உதவி செய்தார். உள்ளே இருந்த சின்னக் காற்றாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. நான் இடியப்ப மா அரிக்கிற மேசையில்தான் அதை வைத்துக் கதைப்பது வழக்கம். வறுத்த மா எல்லாம் உள்ளே போய்ப் படிந்து, கடற்கரை ஈரக்காற்றில் களியாகிக் கிடந்தது.

"அக்கா, பிழிஞ்சால் காலமைக்கு ரண்டு தட்டு வரும்" என்றார் கடைக்காரர்.

நாப்பது ஒரு பழைய பெயின்ற் பிரசால் அதைக் கூட்டித் துடைத்தார். குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி. கடைக்காரர் தன் பையில் இருந்து, சூட்டை இழுத்து வெளியே விடுகிற பசை கொஞ்சம் எடுத்துப் பூசிவிட்டார். பூட்டினார்கள். நாலு எலுமிச்சங்காயை விடுவித்து, நாலு சோடாப் போத்தல் மூடியை ஒட்டிக் காலாக்கினார்கள். மெத்தைத் துணியை நாப்பது பறித்துக்கொண்டு போய்விட்டார், திருப்பித் தரவே இல்லை.

திரும்ப அழைத்தபோது தங்கச்சி கையால் காற்றே அடித்தாள். வயிறும் வந்தது, உயரமும் வந்தது, காரும் வந்தது. என்ன நடந்தது என்று கேட்டாள். நான் நாப்பதைக் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் விட்டேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் தொழிலைச் சொல்ல நினைத்தார் போல, கையை நீட்டி எஞ்சின் கயிற்றை இழுத்துக் காட்டினார். தங்கச்சியும் இழுத்துக் காட்டினாள். அன்றைக்கு எங்கள் பாசையில் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. கயிற்றை ஒரு இழுவை இழுத்தால் நாப்பது. அம்மா போன பிறகு அந்தப் பாசைக்குள் புதிதாக வந்த முதல் ஆள் அவர்தான்.

அன்றிலிருந்து ஜெட்டியில் அவரை 'இருபது' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் கோபிக்கவில்லை. ஆனால் அடுத்து வந்த வள்ளத்துக்கு நாற்பதைத்தான் போடச் சொன்னாராம்.

போன வருசம் அவருக்கு முழங்கால் பிடித்துவிட்டது. மகள் வந்து சாம்பல்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இருந்து சாப்பிடுங்கோ அப்பா, ஒரு இடமும் போகக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். பழுதான எஞ்சின் என்று யாராவது வந்து நின்றால் மட்டும் மகளுடைய சொல் எடுபடாதாம், காலை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாராம். கடைக்காரர்தான் சொன்னார். இந்தப் பக்கம் வந்து எட்டு மாதமாகிறது.

போன ஞாயிறு தங்கச்சி கயிற்றை இழுத்துக் காட்டிவிட்டுக் கையை விரித்தாள். எங்கே ஆளைக் காணவில்லை என்று கேட்கிறாள். நான் முழங்காலைத் தட்டிக் காட்டினேன். கூப்பிடன் என்றாள். சும்மா எப்படியடி கூப்பிடுவது, கூச்சமாக இருக்கிறது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, தடி முறிக்கிற மாதிரி முறித்துக் காட்டினாள். எதையாவது உடை என்கிறாள்.

நாளைக்குக் காலமை சாம்பல்தீவுக்கு டெலிபோன் எடுத்து, கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லை தம்பி என்று சொல்லப் போகிறேன். மோட்டர் நல்லாகத்தான் இழுக்கிறது.